மால்டன் மாதிரி பழைய ஊரில் வீடு வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வட்டார ஊர்களில் வேலை செய்ய ஆஸ்திரேலியா தரும் 491 விசாவில் விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோவுக்கு வந்து எட்டு மாதம். மனைவிக்கு நர்ஸ் வேலை, உங்களுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள பழைய தங்கச் சுரங்க ஊரான மால்டன் பக்கம் காரில் போனபோது 1860களில் கட்டிய செங்கல் வீடு ஒன்று விற்பனைக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தகரக் கூரை, முன்னால் தாழ்வாரம், பின்னால் பெரிய தோட்டம். மெல்பர்ன் விலையோடு பார்த்தால் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது, வாங்கிவிடலாமா, நம் ஆட்கள் அங்கே இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் அதே ஊரில் பதினோரு வருடமாக அப்படியொரு வீட்டில்தான் இருக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 491 தற்காலிக விசா. 2025 ஏப்ரல் 1 முதல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை வாங்க மத்திய அரசு தடை போட்டிருக்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வைத்திருந்து, சேர்ந்து வாங்கினால் வேறு கதை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு இப்போது டெபாசிட் எதுவும் கட்டிவிடாதீர்கள். 491-இல் மூன்று வருடம் முடித்து 191 என்கிற நிரந்தர விசா கிடைத்தால் பிஆர். அதன்பிறகு வாங்கினால் விக்டோரியாவில் முதல் வீட்டுச் சலுகையும் சேரும். 6 லட்சம் டாலர் வரை ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, 7.5 லட்சம் வரை குறைத்துத் தருவார்கள். பழைய வீட்டுக்கும் இது உண்டு. ஒரு வருடத்துக்குள் குடிவந்து, தொடர்ந்து ஒரு வருடமாவது அதில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதைப் படித்ததும் மனசு விட்டுப் போயிருக்கும். ஆனால் உங்கள் நல்லதுக்குத்தான் இந்த இடைவெளி அமைந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்த ஊரில் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்க்காமல் வீடு வாங்கவே கூடாது. நாங்கள் அப்படிச் செய்யாமல் வாங்கினோம்.

எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். வாங்கியது ஒரு மார்ச் மாதம். வெயில் தணிந்து, தோட்டத்தில் சீமை மாதுளை பழுத்துக் கிடந்த நேரம். வீடு மணக்க மணக்க இருந்தது. ஜூலையில் ஒருநாள் கட்டிலை நகர்த்தினேன். தலைமாட்டுச் சுவரில் முட்டிக்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. கீழே பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. நாங்கள் விவரம் தெரியாமல் சுரண்டிவிட்டு மேலேயே இரண்டு முறை பெயின்ட் அடித்தோம். அடுத்த குளிரில் இன்னும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. வாங்கும்போது காசு கொடுத்துப் பார்க்கச் சொன்ன பில்டிங் ரிப்போர்ட்டில் "சில இடங்களில் ஈரம்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று நாங்களும் கேட்கவில்லை, அதை எழுதியவரும் சொல்லவில்லை.

கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஒரு உயரம் வரைக்கும் சத்தம் பொள்ளலாக வந்தது. முன்பு இருந்தவர்கள் ஈரத்தை மறைக்க அந்த உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அந்தக் காலத்துச் செங்கல் வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புச் சாந்து வழியே வெளியே போகும். அப்படித்தான் நூறு வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. சிமென்ட் பூசியதும் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை, உப்போடு சேர்ந்து மேலே ஏறிவிட்டது. தரைக்கடியில் காற்று போகிற துவாரங்களையும் ரோஜாப் பாத்திக்கு மண் கொட்டி அடைத்து வைத்திருந்தார்கள். சிமென்டை உடைத்து, மண்ணை வாரி, எட்டு மாதம் செங்கல்லைத் திறந்தபடியே காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசினோம். பதினெட்டாயிரம் டாலர் ஆயிற்று. தேவகோட்டையில் எங்கள் ஆச்சி வீட்டுச் சுவர் சுண்ணாம்புதான். இத்தனை வருடம் அதைத் தடவித் தடவி வளர்ந்தவள், இங்கே வந்து சிமென்டை நம்பினேன் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

ஆகவே பார்க்கப் போகும்போது சுவரின் கீழ்ப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் கவனம். தரை சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள், வீட்டைத் தாங்கும் மரக்குற்றிகள் உளுத்திருந்தால் தரை சொல்லிவிடும். அந்தக் குற்றிகளை மாற்றும் ரீஸ்டம்பிங் செய்யலாம், ஆனால் செலவு. கறையானுக்குத் தனியாக ஆள் வைத்துப் பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பிற்காலத்தில் ஒட்டிச் சேர்த்த குளியலறை, கொட்டகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். குழந்தை இருக்கிற வீடு என்றால் இதை அசட்டையாக விடக்கூடாது.

இது தங்கம் தோண்டிய பூமி என்பதையும் மறக்க வேண்டாம். ஜா ஜா வுருங் என்ற பூர்வகுடி மக்களின் மண் இது. 1853-இல் டாரன்கவர் மலையடியில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தெருக்கள் வளைந்து வளைந்து போவது அந்தக் கூடாரங்களுக்கு நடுவே போன தடங்கள் அப்படியே நிலைத்துப் போனதால்தான். பீஹைவ் சுரங்கத்தின் செங்கல் புகைபோக்கி இன்றும் ஊருக்குள் நிற்கிறது. அழகுதான். ஆனால் தங்கத்துக்காகக் குவார்ட்ஸ் பாறையை அரைத்துக் கொட்டிய மணலில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கும். மஞ்சளும் சாம்பலுமாக மாவு போன்ற மண் தோட்டத்தில் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை காய்கறி போட வேண்டாம். நாங்கள் வெளியிலிருந்து மண் வாங்கி உயரப் பாத்தி கட்டித்தான் வெண்டையும் கத்தரியும் போடுகிறோம். முருங்கை மட்டும் எத்தனை முறை வைத்தாலும் ஜூன் மாத உறைபனியில் கருகிவிடுகிறது.

சரி, "ஹெரிடேஜ்" (பாதுகாக்கப்படும் பழமை) என்று போட்டிருக்கிறதே, வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவு இல்லை. பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1966-இல் ஆஸ்திரேலியாவிலேயே முதல் "குறிப்பிடத்தக்க ஊர்" என்று அறிவித்தது மால்டனைத்தான். கடைத்தெருவில் நடைபாதையை மூடியபடி வரிசையாக நிற்கும் தாழ்வாரங்கள் இன்றும் அப்படியே இருப்பதற்கு அந்த அக்கறைதான் காரணம். சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துவது கவுன்சில் திட்டத்தில் இருக்கும் ஹெரிடேஜ் ஓவர்லே, அதாவது பழமையைக் காக்க அந்த இடத்துக்கென்று போட்ட கூடுதல் விதிகள். இடிக்க, புதிதாகக் கட்ட, வெளித்தோற்றத்தை மாற்ற, வேலி போட அனுமதி வேண்டும். தெருவிலிருந்து தெரிகிற மாதிரி சோலார் பேனல் போடவும் வேண்டும். உளுத்த பலகையை எடுத்துவிட்டு அதே மாதிரிப் பலகை போடுவதற்கு வேண்டாம். உள்ளே சமையலறையை மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஹெரிடேஜ் அனுமதி தேவைப்படாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஓவர்லே அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாநில அரசின் விக்பிளான் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்தெந்த ஓவர்லே என்று இலவசமாகத் தெரியும்.

நாங்கள் இதிலும் ஒரு தப்புச் செய்தோம். ஆடிப்போன மர வேலியைப் பிடுங்கிவிட்டு, யாரையும் கேட்காமல் முன்னால் தகர வேலி போட்டோம். எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். அப்போது கோபமாக இருந்தது. இப்போது பழையபடியே திரும்பப் போட்ட குச்சி வேலியைப் பார்க்கும்போது அவர்கள் சொன்னதே சரி என்று தோன்றுகிறது. வீடு நம் பெயரில் இருக்கலாம், அந்தத் தெருவின் முகம் ஊருக்குச் சொந்தம். இந்த எண்ணம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் பெண்டிகோவிலேயே புது லேஅவுட்டில் வாங்குங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வாங்குகிற காலம் வரும்போது வீட்டின் விவரங்களைச் சொல்லி விற்பவர் தரும் செக்ஷன் 32 பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பே கன்வேயன்சரிடம் (பத்திர வேலைகளைப் பார்ப்பவர்) கொடுங்கள். தனியாகப் பேசி வாங்கினால் கையெழுத்திட்டபின் மூன்று வேலை நாள் மனம் மாற இடமுண்டு. ஏலத்தில் எடுத்தால் அது கிடையாது. பழைய வீட்டை ஏலத்தில் எடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, இன்சூரன்ஸ் விலையைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய வீடு, காட்டுத்தீ அபாயம் என்று இரண்டும் சேரும்போது வரும் தொகை சிலரைத் திரும்பிப் போக வைத்திருக்கிறது.

காட்டுத்தீயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குக் கவலை. ஊரைச் சுற்றி யூகலிப்டஸ் காடு. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா முழுவதும் 173 பேர் செத்தார்கள். அன்றைக்குப் பெண்டிகோ நகரத்தின் மேற்கு ஓரத்திலேயே வீடுகள் எரிந்தன. கோடையில் 40 டிகிரியும் வடக்குக் காற்றும் சேர்ந்த நாள் என்றால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டுவார். "கிளம்பியாச்சா?" என்று ஒரே கேள்வி. பாஸ்போர்ட், பத்திரம், பழைய ஆல்பம், பூஜை அலமாரியிலிருந்து முருகன் படம், எல்லாம் ஒரே பையில் நவம்பரிலிருந்தே கட்டித் தயாராக இருக்கும். அபாயத் தரம் கடைசிப் படியான கேட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்தால் முந்தின இரவே போய்விடுவோம். வீட்டைக் காப்பாற்றப் பின்தங்கி நிற்கும் பேச்சே கிடையாது. தீ, வெள்ள எச்சரிக்கை தரும் விக்எமர்ஜென்சி ஆப்பை இன்றைக்கே போனில் போட்டுக்கொள்ளுங்கள், பெண்டிகோவில் இருந்தாலும் சரி.

பொங்கலும் இந்தத் தீக்காலத்தில்தான் வருகிறது. முற்றத்தில் விறகு வைத்துப் பொங்க ஆசையாக இருக்கும். சுற்றிலும் மூன்று மீட்டர் சுத்தம் செய்து, தண்ணீர் பக்கத்தில் வைத்து, காற்று இல்லாமல் இருந்தால் சமையலுக்குச் சிறிய அடுப்பு மூட்டலாம். டோட்டல் ஃபயர் பேன், அதாவது வெளியே தீ மூட்ட முழுத் தடை, அறிவித்த நாள் என்றால் கூடவே கூடாது. ஒரு வருடம் தை முதல் நாளே அப்படி அமைந்தது. உள்ளே ஸ்டவ்வில் வைத்துத்தான் பொங்கினோம், பால் பொங்கியதும் பிள்ளைகள் சத்தம் போட்டதில் குறை ஒன்றும் இல்லை.

தினப்படி வாழ்க்கை ஓடிவிடும். நம் மளிகைக்குப் பெண்டிகோ, அரை மணிக்கு மேல். உயர்நிலைப் பள்ளிக்கும் மெல்பர்ன் ரயிலுக்கும் காசில்மேன். மால்டனிலிருந்து காசில்மேனுக்குப் போகும் நீராவி ரயில் சுற்றுலாவுக்காகத் தன்னார்வலர்கள் ஓட்டுவது, வேலைக்குப் போக உதவாது. ஆளுக்கொரு கார் வேண்டும். மனைவிக்கு இரவு ஷிஃப்ட் என்றால் அந்தி நேரத்துக் கங்காருகளை நினைத்துப் பாருங்கள். சாலையில் குறுக்கே பாய்ந்து எங்கள் கார் ஒன்று போயே போயிற்று. முருகன் கோயிலுக்கு மெல்பர்ன் சன்ஷைன் நார்த் வரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

மனிதர்கள்? நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களா என்று உங்கள் மனைவி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதல் வருடம் வெறித்துப் பார்த்தவர்கள் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் கணவர் தீயணைப்புத் தன்னார்வப் படையில் சேர்ந்த பிறகு, நான் ஈஸ்டர் திருவிழாவுக்கு உளுந்து வடை சுட்டுக் கொடுத்த பிறகு, நிலைமை மாறியது. நாங்களாக வெளியே போனதால் நடந்தது அது. கதவை மூடிக்கொண்டு இருந்தால் இந்த ஊர் மிகவும் தனிமையான ஊர். ஈஸ்டர் இரவுகளில் மலை உச்சிக் கோபுரத்தில் விளக்குப் போடுவார்கள், முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குத் தேவகோட்டை ஞாபகம் வந்து கண் கலங்கும்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் வந்து எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். தடித்த ஸ்வெட்டரும் கம்பளிச் சாக்ஸும் கொண்டு வாருங்கள். விறகு அடுப்பு அணைந்த பிறகு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்கு நடந்து பாருங்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வாடகைக்கு எந்த வீடு காலியாக இருக்கிறது என்று சேர்ந்து தேடலாம்.