தடைக்காலமும் மனச்சோர்வும்: கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சில.

டாக்டர், விசைப்படகில் போகிறவன் நான். தடை தொடங்கியதிலிருந்து விடியும்வரை கைப்பேசியும் கையுமாக இருந்துவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு எழுகிறேன். எதிலும் பிடிப்பில்லை. இது நோயாகிவிடுமா? (பாம்பன்)

ஆகாமல் தடுக்க வாய்ப்பு அதிகம். தொழில் நாட்களில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்குவது, ஐஸ் ஏற்றுவது, கரை திரும்பியதும் மீனைத் தரம் பிரிப்பது என்று ஒரு வேலை அடுத்த வேலைக்கு உங்களை இழுத்துச் செல்கிறது. தடைக்காலத்தில் வருமானத்தோடு அந்தக் கயிறும் அறுந்துபோகிறது. ஆகவே முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை ஆறு மணிக்கு எழுந்து, அரை மணி நேரம் கடற்கரையோரம் விரைந்து நடந்தால், காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்ய, சில நாட்களில் இரவுத் தூக்கமும் நேரத்துக்கு வரத் தொடங்கும். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தாலே உலக சுகாதார அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவான 150 நிமிடம் நிறைந்துவிடும். அடுத்தது, கிழிந்து கிடக்கும் வலை. மனம் வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த விஷயத்தில் கை தொடங்கிய பிறகுதான் மனம் வந்து சேரும். இன்று ஒரு முழம் போதும், ஆனால் நாளையும் அதே நேரத்தில் உட்காருங்கள்.

கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். (தங்கச்சிமடம்)

மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்துப் பின்னிரவில் கலைத்துவிடும். மறுநாளின் மந்தமும் எரிச்சலும் அதனால் வருபவையே. ஆனால் அவர் நாள்தோறும் அதிகம் குடிப்பவராக இருந்தால், நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள் அம்மா. கை நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வை அவசியம்.

மீன் எண்ணெய் மாத்திரை மனச்சோர்வைத் தடுக்குமா? (மண்டபம், கல்லூரி மாணவி)

அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 18,000-க்கும் மேற்பட்டோரிடம் சுமார் ஐந்தாண்டுகள் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அது தடுக்கவில்லை. சூடையும் நெத்திலியும் வாசலுக்கே வரும் ஊரில் அதைப் புட்டியில் தேடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது. குழம்பு மீனோடு கீரையும் பருப்பும் சேர்த்து, வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

கணவர் துபாயில். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச ஆளில்லை. (கீழக்கரை)

மனம்விட்டுப் பேச ஒருவர் இருந்தால் போதும். அவரை வாரத்தில் குறித்த ஒரு நாளில் நேரில் சந்திப்பதை வழக்கமாக்குங்கள்.

அப்பா நடக்கிறார், குடிப்பதில்லை. ஆனாலும் ஒரு மாதமாகத் தூக்கமும் பசியும் இல்லை, யாரோடும் பேசுவதில்லை. உறவினர்கள் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். (தொண்டி)

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் பழக்கங்களை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இப்படித் தோற்றம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. தர்காவில் பிரார்த்தனை செய்வதை நான் தடுக்கவில்லை. சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது, அவ்வளவுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் போக, 28 பேர் மாண்டதை நம் இராமநாதபுரம் மாவட்டம் மறக்க முடியாது. சாவைப் பற்றி அவர் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மற்றபடி, நாளைக் காலையே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், தூக்கம் வருவதற்காக என்று சொல்லுங்கள்; அது பொய்யும் அல்ல.