இரண்டு நாள் பயிலரங்கில் கலம்காரி கற்றுக்கொள்ள முடியுமா?

கோடு போட வரும். கலம் என்ற குச்சியால் துணியில் படம் வரைந்து சாயம் ஏற்றுகிற கலம்காரி வராது.

நானும் முதலில் சென்னையில் அப்படியொரு வகுப்புக்குத்தான் போனேன். கடையில் வாங்கிய துணிச்சாயம், பிரஷ், ஏற்கெனவே வரைந்து வைத்த மயில். நாம் நிரப்பினால் போதும். பிறகு கலம்காரிக்குப் பேர்போன ஸ்ரீகாளஹஸ்திக்கே போய், ஒரு குடும்பப் பட்டறையில் பத்து நாள் உட்கார்ந்தேன். (அக்கம்பக்கத்தில் ராகு கேது பரிகாரம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.) 1950களில், கைத்தொழில்களை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் அங்கே பயிற்சி மையம் வந்து, நசிந்து கிடந்த தொழில் மறுபடி தலையெடுத்தது. அச்சுக்கட்டையால் ஒற்றுவது மசூலிப்பட்டினத்துக் கலம்காரியின் வழி. இங்கே எல்லாம் கைக்கோடு.

முதல் நாள் கலத்தைத் தொடவே விடவில்லை. அலசிய காடாத் துணியைக் கடுக்காய்த்தூள் கலந்த எருமைப்பாலில் முக்கிப் பிழிந்து வெயிலில் போட்டோம். காய்ந்ததும் ஒரு வீச்சம் வரும் பாருங்கள்! கடுக்காயின் துவர்ப்பு இருந்தால்தான் மை கறுக்கும்; பாலின் கொழுப்பு இருந்தால்தான் கோடு பரவாது. இது தெரிந்தும், ஊர் திரும்பியதும் கொழுப்பு நீக்கிய பாக்கெட் பாலில் முக்கினேன். அனுமார் வாலுக்கு மீசை முளைத்தது.

மைக்குப் பெயர் கசிமி. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைப்பது. கலம் என்பது சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளி சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். கம்பளி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்தினால் நுனிக்கு இறங்கும். நான் அழுத்தியதில் சொட்டு சொட்டாக விழுந்தது. "மெல்லகா, மெல்லகா" என்று அந்த வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். துணியில் பட்ட வெளிறிய கோடு கண்ணெதிரே கறுக்கும். அதன்பின் அழிக்க வழியே இல்லை.

சிவப்பில்தான் நான் நன்றாக மாட்டினேன். சிவக்க வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீர் தடவி, பிறகு துணியைச் சாயத்தில் கொதிக்க வைக்க வேண்டும். படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நிற்கும். அந்தத் தண்ணீருக்கு நிறம் ஏது? தடவியது எது, விட்டது எது என்று தெரியாமல், என் சீதைக்கு ஒரு கை சிவக்கவே இல்லை.

அதனால் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "துணியைக் கடுக்காயில் முக்குவது எங்கள் கையாலா?" இல்லை என்றால் அது பெயின்டிங் வகுப்பு. இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால், துணியைப் பதப்படுத்துவதும் கறுப்புக் கோடும் மட்டும் சொல்லித்தருகிற இடமாகப் பாருங்கள். சிவப்பை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.