செயற்கைப் புல்லை எடுத்த பிறகு: புல்தரை கேள்வி பதில்

வணக்கம். வீட்டு முன்புறத்தில் இருநூறு சதுர அடிக்குச் செயற்கைப் புல் விரித்திருந்தோம். நிறம் வெளுத்து இழைகள் உதிர்கின்றன. அதைச் சுருட்டி எடுத்துவிட்டு, நர்சரியில் விற்கும் புல் கட்டிகளை அதே இடத்தில் பதித்துவிடலாமா?
— தாம்பரம் வாசகர்

அப்படிப் பதித்தால் ஒரு மாதம் பச்சையாக இருக்கும். முதல் கோடையில் காய்ந்துவிடும். செயற்கைப் புல் விரிப்பவர்கள் முதலில் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் பள்ளத்தில் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்குவார்கள். அதற்கு மேல் களை வராமல் தடுக்கும் துணி. அதன்மேல்தான் புல் விரிப்பு. செடி வளர்வதற்கு வேண்டியவை எல்லாம் அங்கிருந்து கவனமாக அகற்றப்பட்டிருக்கின்றன. விரிப்பைச் சுருட்டுவது அரை நாள் வேலை. அடியில் கிடக்கும் மண்ணை மீட்பதுதான் உங்கள் முன் இருக்கும் உண்மையான வேலை.

விரிப்பின் இழைகளுக்கு இடையே மணல் தூவியிருப்பார்கள். அதைப் பெருக்கி எடுத்துவிட்டால் சுமை குறையும். பிறகு பின்புறத் துணியில் கத்தி போட்டு மூன்றடி அகலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டுங்கள். களைத்தடுப்புத் துணியைக் கிழியாமல் முழுசாக எடுங்கள். அதன் நார்கள் மண்ணில் தங்கினால் பின்னால் கையோடு வந்துகொண்டே இருக்கும். ஜல்லியையும் தூளையும் முழுவதுமாக அள்ளிவிடுங்கள். அதன்மேலேயே செம்மண்ணைக் கொட்டிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார், சம்மதிக்காதீர்கள். அந்த இறுகிய அடுக்கின்மேல் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். கோடையில் வேர் அதற்குக் கீழே போக முடியாமல் வேகும்.

அடிமண்ணை முக்கால் அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் உடைத்துப் புரட்டுங்கள். கடப்பாரை போடுமுன் தோட்ட விளக்கின் ஒயரும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரடிக் குழி ஒன்று தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால் மண் இன்னும் இறுகியிருக்கிறது என்று பொருள். மேலும் ஆழமாக உடைக்க வேண்டும். நூறு சதுர அடியில் ஓர் அங்குலத்துக்கு மட்கிய தொழு உரம் பரப்ப எட்டு கன அடிக்கு மேல் வேண்டியிருக்கும். உங்கள் இடத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இரண்டு மாதம் பொறுக்க முடியுமானால், உடனே புல் வைக்காதீர்கள். தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். அதன் வேர்கள் மண்ணைத் திறந்துவிடும். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேரும். நெல் வயலுக்குச் செய்வதை வீட்டு முற்றத்துக்கும் செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. எடுத்தபோது சாம்பல் நிறத்தில் புளித்த வாடை அடித்த மண், இந்தச் சுற்று முடிந்ததும் உதிரியாகி மண் வாசனை பிடிப்பதைப் பார்த்துவிட்டால் வேறு எதற்கும் மனம் போகாது.

கடைசியாக மட்டம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருக்கட்டும்.

ஐயா, செயற்கைப் புல்லில் மதியம் கால் வைக்க முடியவில்லை. உயிர்ப்புல் வைத்தால் உண்மையிலேயே குளிர்ச்சி வருமா, அல்லது அது வெறும் எண்ணமா?
— திருச்சி வாசகி

எண்ணம் இல்லை அம்மா, கணக்கு. செயற்கைப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். வெயிலை வாங்கிக்கொள்ளும், அதை நீராவியாக வெளியேற்ற அதனிடம் வழி இல்லை. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புல்லோ இலைத்துளைகள் வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நூறு சதுர அடிப் புல்தரை ஒரு கோடை நாளில் முப்பது லிட்டருக்கு மேல் ஆவியாக்கும். அப்படியானால் இருபது யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை அது உங்கள் முற்றத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. வெறுங்காலோடு மதியம் நடந்து பாருங்கள், தெரியும்.

நாங்கள் லாரித் தண்ணீரை நம்பி இருக்கிறோம். புல்லுக்கு ஊற்றக் கட்டுப்படியாகுமா?
— மேடவாக்கம் வாசகர்

முன் பதிலில் சொன்ன அதே நீர்தான் செலவு. கடுங்கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதுர அடிக்கு 35 லிட்டர் அளவில் வரும். ஆயிரம் சதுர அடிக்கு லாரித் தண்ணீரில் புல் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடிக்க விலைக்கு வாங்கும் ஊரில் அது நியாயமும் ஆகாது. நீங்கள் உட்காரும், பிள்ளைகள் விளையாடும் நூறு சதுர அடிக்கு மட்டும் புல் வையுங்கள். மற்ற இடத்தில் நந்தியாவட்டை, இட்லிப்பூ, மண்ணை மூடும் சருகு.

தினமும் தெளிப்பது வேண்டாம். வேர் பிடித்த பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் தண்ணீரையும் சேர்த்து, அதிகாலையில் ஊற்றுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். அரிசி, காய்கறி கழுவிய நீர் தாராளமாகப் போகலாம். தண்ணீர் அறவே இல்லாத மே மாதத்தில் அருகம்புல் பழுப்பாகிவிட்டால் செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். அடிக்கணு உயிரோடு இருக்கும், ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

எந்தப் புல்? நர்சரியில் மெக்சிகன், கொரியன், பஃபலோ, பெர்முடா என்று அடுக்குகிறார்கள்.
— மதுரை வாசகர்

நர்சரிப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். பெயரை விட்டு இலையைப் பாருங்கள். மெல்லிய இலை, நெருங்கிய கணு, மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும் தண்டு என்றால் அது அருகு இனம். பெர்முடா என்று விற்பதும் அதன் உறவுதான். வெயில், மிதி, வறட்சி மூன்றையும் தாங்கும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அதே அருகு. நிழலை மட்டும் தாங்காது. பிள்ளைகள் ஓடி விளையாடும் வெயில் முற்றத்துக்கு என் முதல் தேர்வு இதுவே.

விறைப்பான, ஊசி போன்ற சிறு இலை, அடர்ந்த மெத்தை என்றால் அது சோய்சியா இனம். கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் வருவது பெரும்பாலும் இதுதான். அழகு அதிகம், வளர்ச்சி மெதுவு, வெட்டும் வேலையும் குறைவு. கிழிந்த இடம் மூட மாதக்கணக்காகும். விரலகல இலையோடு தடித்த தண்டு படர்ந்தால் அது பஃபலோ. அரை நிழலில் நிற்கும், தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். மதுரை வெயிலுக்கு அருகை விட்டு வேறு பக்கம் போகாதீர்கள்.

குன்னூரில் என்ன வைக்கலாம்?
— ஒரு வாசகி

கிக்குயு. மலைக்குளிருக்கு ஏற்றது. ஆனால் பூப்பாத்திக்குள் புகுந்துவிடும். ஓரத்தில் கல் பதித்து அதன் எல்லையைக் காப்பாற்றுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு. போர்வெல் தண்ணீர் உப்பு. புல் வருமா?
— கோவளம் வாசகர்

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அருகு ஓரளவு உப்பைத் தாங்கும். அதையும் மீறினால் கடலோரப் பாஸ்பாலம் என்ற இனத்தைக் கேளுங்கள். உப்பு நிலத்திலேயே வளரும் புல் அது. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நீர் நன்றாக வடிந்து இறங்கும்படி மண் இருந்தால், ஓர் ஆண்டின் உப்பை அந்த மழையே கழுவிவிடும். வடிகால் இல்லாத மண்ணில் எந்த இனம் வைத்தும் பயனில்லை.

விரிப்பை எடுத்து மூன்றே வாரத்தில் கோரை கிளம்பிவிட்டது. இத்தனை காலம் எங்கே இருந்தது?
— கும்பகோணம் வாசகர்

கிழங்காக அங்கேயேதான் இருந்தது, தம்பி. ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்கு என்று சங்கிலியாக ஓடும். மேலே தெரியும் தாளைக் கிள்ளினால் கீழே உறங்கும் கிழங்குகள் விழித்துக்கொள்ளும். மண்ணைக் கொத்தினாலும் சங்கிலி அறுந்து ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும்.

ஆகவே புல் வைக்கும் முன்பே அதை முளைக்கவிடுங்கள். மண்ணை நனைத்து இரண்டு வாரம் காத்திருந்தால் உள்ளதில் பலவும் வெளியே வரும். ஈரமாக இருக்கும்போது முள்கரண்டியால் நெம்பிக் கிழங்கோடு எடுத்து, கையால் பொறுக்கி, வெயிலில் காயப்போடுங்கள். மீண்டும் நனையுங்கள், மீண்டும் பொறுக்குங்கள். மூன்று நான்கு சுற்று வேண்டும். சலிப்பான வேலைதான். புல் படர்ந்த பின் அதற்குள் புகுந்து கோரை எடுப்பது இதைவிடப் பல மடங்கு கடினம். வெளியிலிருந்து செம்மண் வாங்கினால் கொட்டுமுன் கையில் அள்ளிப் பாருங்கள். கறுத்த சிறு கிழங்குகள் கிடைத்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மொட்டை மாடியில் ஒட்டிய செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு அங்கேயும் உயிர்ப்புல் வைக்க ஆசை.
— கோயம்புத்தூர் வாசகி

பொறியாளர் எழுத்தில் அனுமதிக்காமல் வேண்டாம் அம்மா. அரையடி ஈர மண் சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் எடை போடும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் பயன்பாட்டுச் சுமையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. நீர்க்கசிவு தனி. பசையைச் சுரண்டி எடுத்து, கசிவுத் தடுப்புப் பூச்சைச் சரிசெய்துவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தொட்டிகளில் செடி வையுங்கள்.

மாமரத்தடியில் புல் நிற்பதே இல்லை. அதனால்தான் செயற்கைப் புல் போட்டோம்.
— சேலம் வாசகர்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் அரங்குக்கும் இதே காரணம்தான். 1965இல் திறந்த அந்தக் கூரையிட்ட மைதானத்தில் கண் கூசுகிறது என்று கூரைக்கு வண்ணம் பூசினார்கள். ஒளி குறைந்து புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் வந்தது. அதன்பிறகே உலகம் முழுவதும் பரவியது.

அடர்ந்த மாநிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது; கட்டாயப்படுத்தாதீர்கள். விரிப்பை எடுத்துவிட்டு உதிரும் மாவிலையை அங்கேயே கிடக்கவிடுங்கள். காற்றும் நீரும் கிடைத்தால் மரத்துக்கே நல்லது. இறுக்கி மூடிய தரைக்கு அடியில் மாமரத்தின் மேல்வேர்கள் மூச்சுத் திணறிக் கிடந்திருக்கும். அங்கே கடப்பாரை போடாமல் கையாலேயே ஜல்லியை அள்ளுங்கள்.

புல் வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் பயப்படுகிறார்.
— செங்கல்பட்டு வாசகி

அவர் பயத்தில் பாதி நியாயம் உண்டு. பாம்பு தேடுவது மறைவிடத்தையும் எலியையும். இரண்டு அங்குலத்துக்குள் வெட்டிய புல்லில் மறைவு இல்லை. நாய்க்குட்டி போனாலும் தெரியும். அள்ளிய ஜல்லியையும் செங்கல்லையும் மதிலோரம் குவித்து வைப்பதுதான் ஆபத்து. அதை உடனே அகற்றச் சொல்லுங்கள்.

எடுத்த விரிப்பை எரித்துவிடலாமா?
— ஈரோடு வாசகர்

கூடவே கூடாது. பிளாஸ்டிக் இழை, வேறு பிளாஸ்டிக் துணி, பின்பூச்சு எல்லாம் ஒட்டிய பொருள் அது, புகை நஞ்சு. பிரித்து மறுசுழற்சி செய்வதும் எளிதல்ல. நல்ல பகுதியைத் தெரிந்தவர் பட்டறைக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ கொடுங்கள். மீதியைக் கட்டி உள்ளாட்சியின் உலர்கழிவில் சேருங்கள். இழைகளுக்கிடையே கறுப்பு ரப்பர் துகள் இருந்தால் தனியாகப் பெருக்கி மூட்டையில் கட்டுங்கள். மழைநீரோடு வாய்க்காலுக்குப் போகவிடக் கூடாது. இந்தத் துகள்களின் விற்பனையை நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி கொண்டுவந்து, மாறிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது.

எப்போது நடலாம்? கட்டிகள் வாங்காமல் குறைந்த செலவில் வழி உண்டா? நட்ட பின் எப்போது வெட்டுவது?
— விழுப்புரம் வாசகர்

ஆடி, ஆவணி. ஐப்பசி மழை கொட்டுவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மண்ணோடு அடித்துப் போகும். சித்திரை, வைகாசியில் தொடவே வேண்டாம்.

செலவு குறைய, கணுவுள்ள அருகுத் துண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் ஈர மண்ணில் நடலாம். இன்னொரு பழைய முறை: பச்சை அருகைச் சிறிதாக நறுக்கி, சாணம், மண், தண்ணீர் சேர்த்துக் குழைத்து, சமன் செய்த தரையில் பூசிவிடுவது. மேலே மெல்லிய மண் தூவி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு கணுவும் துளிர்க்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடுங்கள், விட்டுப் போகமாட்டார்கள்.

இழுத்தால் கையோடு வராத அளவுக்கு வேர் பிடித்த பிறகே முதல் வெட்டு. எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சிறு இடத்துக்குக் கையால் தள்ளும் உருளைக் கத்தி போதும். வெட்டிய துணுக்கு அங்கேயே கிடக்கட்டும், மட்கி உரமாகும்.