‘எனக்கு ஒன்றும் வேண்டாம்மா’

டீச்சரைக் கேளுங்கள் – யாங்கோன் வாசகர் பகுதி

கேள்வி: டீச்சர், என் கணவர் வேலை பார்த்த துணிக்கடையை மூடி நான்கு மாதம் ஆகிறது. கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார். பிள்ளைகளுக்கு இது தெரியக்கூடாது என்று காலையில் பழையபடி டிபன் டப்பாவோடு கிளம்புகிறார். போன வாரம் என் மகளிடம், பத்து வயது, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “எனக்கு ஒன்றும் வேண்டாம்மா” என்றாள். அன்று முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. எங்கள் கஷ்டம் பிள்ளைகளின் சந்தோஷத்தைத் தின்றுவிடுமா?
– ஒரு வாசகி, தாம்வே

பதில்: தங்கச்சி, பணம் பெரிதில்லை, அன்பு இருந்தால் போதும் என்று நான் எழுதமாட்டேன். அரிசி விலையும் எண்ணெய் விலையும் நிற்காமல் ஏறுகிற ஊரில் இருந்துகொண்டு அப்படி எழுத மனசு வராது. கஷ்டம் பிள்ளைகளைத் தொடத்தான் செய்யும். என்னை எங்கே தொட்டது என்று சொல்கிறேன்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது. 25, 35, 75 சாட் (நம் பர்மா பணம்) நோட்டுகள் இனிச் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. பெரியவர்களுக்கு இது புதிதில்லை. 1964-ல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது எங்கள் தாத்தா அடிபட்டிருக்கிறார். 1985-லும் ஒரு தடவை நடந்தது. அப்போது ஓரளவுக்காவது மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்தத் தடவை அதற்கும் வழியில்லை. அப்பா வாடகை மெஷினை வைத்து நடைபாதையோரம் தைத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்குவதற்காக இரண்டு வருடமாக ஓவல்டின் டப்பாவில் சேர்த்து வந்தார். அதில் பெரும்பாலும் 75 சாட் நோட்டுகள்தான்.

அன்று சாயங்காலம் அப்பா டப்பாவைப் பாயில் கவிழ்த்து, “இந்தாங்க, வச்சு விளையாடுங்க” என்றார். நானும் அண்ணனும் மரப்படியில் கடை போட்டோம். இரண்டு புளியங்கொட்டை 75 சாட், ஒரு உடைந்த வளையல் 35 சாட். கையில் நிஜ நோட்டு! அம்மாவின் மஞ்சள்தூள் வாசனை அதில் ஒட்டியிருந்தது. என் சின்ன வயதில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் வேறொன்று இல்லை, தங்கச்சி. இருட்டினபிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அம்மா ஊதுகுழலும் கையுமாக அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அடுப்பு அணைந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விளையாட்டில் நான் ஒரு நோட்டைக் கிழித்திருந்தேன். அதனால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு அப்பா அளவு நாடாவோடு என் பக்கம் வந்தபோது, “எனக்கு ஒன்னும் வேண்டாம்ப்பா, பழசே நல்லா இருக்கு” என்றேன். பொறுப்பான பெண் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அப்பா மட்டும் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

உன் மகள் சொன்னதும் அதே வார்த்தைதான். அவளுக்கு ஏதோ தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. அளவு தெரியாத பிள்ளை, இருப்பதைவிடப் பெரிதாகத்தான் நினைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் அந்த மௌனத்தை உடைத்தவள் அம்மா. ஒரு நாள் ராத்திரி அப்பாவின் தையல் சாக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு கோடாகப் போட்டாள். இது வீட்டு வாடகை, இது மெஷின் வாடகை, இது அரிசி, இது எண்ணெய். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். “இது உங்க ரெண்டு பேருக்கும். என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க.” நாங்கள் சமோசா சாலட் கேட்டோம், மாதத்துக்கு ஒரு தட்டு. அப்புறம் எந்த மாதமும் அந்தக் கட்டத்தில் அம்மா கை வைக்கவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

ஆனால் ஒன்று மீளவே இல்லை. அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியை நிறுத்திவிட்டு டீக்கடையில் கிளாஸ் கழுவ விட்டார்கள். செல்லாத நோட்டுகளுக்குப் பிறகு வந்தவை 45, 90 சாட் நோட்டுகள், இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பதாம் வாய்ப்பாட்டை அவன் டீக்கடையில் சில்லறை எண்ணித்தான் கற்றான். இன்றைக்கும் அவன் கணக்கு பிசகாது. ஆனாலும் என் பள்ளிப் புத்தகங்களை அவன் தொட்டதே இல்லை. சமோசா இல்லாமல் இருந்திருக்கலாம், அதைத் தாங்கியிருப்பேன். அண்ணன் பள்ளியை விட்டுப் போனதை இன்னும் தாங்க முடியவில்லை.

அதனால் நகையை அடகு வை, சீட்டை நிறுத்து, சொந்தக்காரர் வீட்டு மொய்யைக்கூடக் குறைத்துக்கொள். பள்ளியில் மட்டும் கை வைக்காதே. டிபன் டப்பா நாடகத்தை இந்த வாரமே விட்டுவிடுங்கள். கடை மூடியதை உன் கணவரே பிள்ளைகளிடம் சொல்லட்டும். யாரிடம் எவ்வளவு கடன் என்பதெல்லாம் வேண்டாம், அது பிள்ளை சுமக்கிற பாரம் இல்லை. அப்புறம் மகளிடம் மறுபடி கேள். “என்ன வேண்டும்” என்று வெறுமனே கேட்காதே. “உன் பிறந்தநாளுக்கு இவ்வளவு எடுத்து வைத்திருக்கிறேன், என்ன செய்யலாம்?” என்று தொகையைச் சொல்லிக் கேள். சின்னத் தொகையாக இருந்தாலும் சரி.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேரன் கேட்டதையெல்லாம் வாங்கி அனுப்புகிறான். ஆனாலும் பையன் முகத்தில் சிரிப்பே இல்லையே, ஏன்?
– ஒரு தாத்தா, மௌலமைன்

பதில்: ஐயா, அவன் கேட்டதில் அப்பா போன் செய்கிற நேரமும் உண்டா என்று பாருங்கள். மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊரில் “ராத்திரி பேசுகிறேன்” என்பது பிள்ளைக்கு ஒரு நேரமே இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே மணி என்று மகனிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு உங்கள் போனில் சார்ஜ் இருக்கட்டும்.