துவைக்கப் போன சீட்டு

கேள்வி: என் மகள் 35 வாரத்தில் பிறந்தாள். இப்போது 14 வாரம் ஆகிறது. பிறந்தபோது மஞ்சள் காமாலை அதிகமாகிச் சில நாட்கள் விளக்கொளியில் வைத்திருந்தார்கள். காதில் சிறு கருவி வைத்துப் பார்த்த ஓ.ஏ.இ. சோதனையில் ‘பாஸ்’. கேட்கும் நரம்பைப் பார்க்கும் பெரா பரிசோதனைக்கும் வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். அது என் கணவரின் சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது! கதவு படாரென்று சாத்தினால் திடுக்கிடுகிறாள். நான் மெதுவாகப் பேசினால் சில நேரம் கவனிப்பதில்லை. குறைமாதக் குழந்தைக்கு நரம்பு முதிர நாளாகும், தானே சரியாகிவிடும் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில்: சீட்டு துவைக்கப் போனதற்கு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளக் காசோலை நனைந்திருந்தால் உங்கள் கணவர் மறுநாளே அலுவலகத்தில் போய் நின்றிருப்பார். மகளின் சீட்டு நனைந்தபோது யாருமே மருத்துவமனைக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. சீட்டுதான் கரைந்தது, பதிவேடு அங்கேதான் இருக்கிறது. பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. காதிலிருந்து மூளைத்தண்டு வழியாக ஒலி போகும் நரம்புப் பாதைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை படிய வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அது இன்னும் மெல்லியதாகவே இருக்கும். அதனால், ஒலிக்கு அந்தப் பாதை தரும் பதிலை அலைகளாகக் காட்டும் பெராவில், மூளைத்தண்டிலிருந்து வரும் ஐந்தாவது அலை பிந்தி வரும். பெரியவர்கள் அளவை எட்ட ஒன்றரை, இரண்டு வயதுகூட ஆகலாம். ஆனால் அந்தப் பிந்தல் மில்லிசெகண்டுக் கணக்கு. அம்மா பேசுவதைக் குழந்தை கவனிக்காததற்கு அதைக் காரணம் காட்டி உட்கார்ந்திருக்க முடியாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மஞ்சள் காமாலைதான் இதில் முக்கியம். காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பொருளான பிலிருபின் அளவு மீறினால், மூளைத்தண்டில் இருக்கும் கேட்கும் நரம்பு மையங்களைத் தாக்கக்கூடியது. ஓ.ஏ.இ. உள்காதோடு நின்றுவிடும் சோதனை. அதற்கு அப்பால் நரம்பில் கோளாறு இருந்தாலும் ‘பாஸ்’ என்றே காட்டும். பெராவுக்கு வரச் சொன்னது அதற்காகத்தான். கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் சான்றாகாது. பேச்சு அவ்வளவு உரக்க வருவதில்லையே.

கேட்கும் குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் கண்டறிந்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ கருவியோ தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடு. முதல் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. அதற்காகக் குழந்தையின் காதைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

போனை உங்கள் கணவர் செய்யட்டும். தொலைத்தவர் அவர், அப்பாவும் அவர்தான். விடுப்பு எடுத்து அவரே கூட வரட்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ ஒலி கொடுப்பார்கள், வலிக்காது. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே போனதும் பசியாற்றித் தூங்க வையுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் மருந்தில்லாமலே முடிந்துவிடும். 35 வாரத்தில் பிறந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்ததால், அலைகளை 14 வாரக் குழந்தைக்கு உரியதாக அல்ல, 9 வாரக் குழந்தைக்கு உரியதாகப் பார்க்க வேண்டும்.