எக்ஸ்ரே பார்க்கும் இயந்திரம்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் பகுதியில் காசநோய் முகாம் போட்டார்கள். கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே கருவியில் படம் எடுத்ததும் செயற்கை நுண்ணறிவு என் கணவருக்கு 'சந்தேகம்' என்று காட்டியது. அவர் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். பல வருஷம் முன்பே காசநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். சளி கொடுக்கச் சொல்கிறார்கள். இதை நம்பலாமா? இந்தச் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியையே நிறுத்த வேண்டும் என்கிறான் மகன்.

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள அம்மா,

சளியை உடனே கொடுத்துவிடுங்கள். பயம் இப்போது வேண்டாம். அந்த மென்பொருள் படத்துக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். வைத்த வரம்பைத் தாண்டினால் 'சந்தேகம்'. பழைய காசநோய் விட்டுப்போன தழும்பும் அந்த மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.

1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய முதற்கட்டச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் வைத்த குறைந்தபட்ச இலக்கு: நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கில் 9 நோயாளிகள் அகப்படுவார்கள், ஒருவர் தப்பிவிடுவார். நோயில்லாத 297 பேருக்கும் 'சந்தேகம்' என்றே வரும். ஆக, அழைக்கப்படும் 306 பேரில் நோயாளிகள் 9 பேர்தான். இருந்தும் இது பெரிய லாபம். இருமலே இல்லாத நோயாளியும் எக்ஸ்ரேயில் தெரிவார்; சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் சோதனையும் 1,000 பேருக்குப் பதில் 306 பேருக்குச் செய்தால் போதும்.

கெடுவது வரம்பில்தான். அதை உயர்த்தினால் வீண் அழைப்பு குறையும், தப்பும் நோயாளி கூடுவார். வேறு ஊரில் வைத்த வரம்பை, தழும்பு விழுந்த நுரையீரல் அதிகமுள்ள பகுதியில் அப்படியே வைக்கக் கூடாது. தொடக்கத்தில் சில நூறு பேருக்காவது, மதிப்பெண் எதுவானாலும், சளியையும் சோதித்து இங்குள்ளவர்களுக்கு ஏற்ற வரம்பைக் காண வேண்டும். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் மதிப்பெண்ணின் பொருளே மாறலாம், மறுபடி பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நடத்தும் முகாம் எனக்கு ஏற்புடையதல்ல.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்று. முன்பு சிகிச்சை பெற்றவரின் சளியில், இறந்த கிருமியின் மரபணுவும் சில சமயம் அகப்படும். ட்ரூநாட்டில் நோய் என்று வந்தால், உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மகனின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டனே 2023இல் கூகுளை விட்டு விலகி, ஆபத்துகளை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எக்ஸ்ரே இயந்திரம் தவறினால் அதைக் காட்டிக்கொடுக்கச் சளிப் பரிசோதனை இருக்கிறது. கூட்டத்தில் ஓர் இளைஞன் முகத்தைக் குற்றவாளியின் முகம் என்று கேமரா சொன்னால், அந்த இளைஞன் எதைக் கொடுத்துத் தன்னை நிரூபிப்பான்? எதைக் கேட்டாலும் பதில் எழுதும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிலோ, உள்ளே என்ன நடக்கிறது என்பது செய்தவர்களுக்கே முழுதாகப் புரியவில்லை. தவறைப் பிடிக்கும் சோதனை தயாராகும் வரை அத்தகைய கருவிகளை ஆளின் வேலை, கடன், கைது ஆகியவற்றைத் தீர்மானிக்க விடக் கூடாது. எக்ஸ்ரே மென்பொருளை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதைப் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் பெரியவர், இயந்திரம் 'இல்லை' என்றாலும் சளி கொடுக்கட்டும்.