எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள "கருத்த டிஸ்க்", "நார் தடிப்பு" பற்றி

வணக்கம். எல்4–எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) கருத்துப் பிதுங்கியிருப்பதாகவும், முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் மஞ்சள் நார் தடித்திருப்பதாகவும் வந்த அறிக்கையைக் காட்டி, டிஸ்க் அழுகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அழுகவில்லை, நீர் வற்றியிருக்கிறது. டிஸ்க்கின் நடுக்கூழில் இளமையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். அதைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகள் குறையக் குறைய, நீரை வெண்மையாகக் காட்டும் டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாகத் தெரிய வேண்டிய பகுதி கருக்கிறது.

கூழைச் சுற்றி, ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்த கொலாஜன் என்ற உறுதியான புரத இழைகளால் ஆன 15 முதல் 25 வளைய அடுக்குகள் உண்டு. அவற்றில் விரிசல் விழும்போது, டிஸ்க்குகளின் பின்னால் முதுகெலும்பு நெடுக ஓடும் நீள்நார் இடுப்புப் பகுதியில் குறுகலாக இருப்பதால், கூழ் பெரும்பாலும் நடுவில் வராமல் பக்கவாட்டில் பிதுங்கி எல்5 நரம்பு வேரை அழுத்துகிறது. கால் கட்டைவிரல் வரை மரத்துப்போவதாக நீங்கள் எழுதியது இதனுடன் பொருந்துகிறது.

மஞ்சள் நாரில் மீள்தன்மை தரும் எலாஸ்டின் புரதம் குறைந்து கொலாஜன் கூடுவதாலும், டிஸ்க்கின் உயரம் குறைந்து நார் மடிவதாலும் அது தடிப்பாகத் தெரியும். "பிதுக்கம்" என்ற சொல்லே பலரைக் கலங்கடிக்கிறது. ஆனால் நீள்நாரைக் கிழித்து வெளியே வந்த துண்டைத்தான், புதிய இரத்தக் குழாய்களும் மேக்ரோபேஜ் எனும் விழுங்கும் உயிரணுக்களும் சூழ்ந்து, சில மாதங்களில் கரைத்துவிடும் வாய்ப்பு அதிகம்.

சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலோ, மலவாயைச் சுற்றி உணர்விழந்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.